வேளச்சேரிப் பக்கம் குடியிருக்கும் நம்மூர்க்காரர்களுக்கு

திருவக்கரை, வானூர் வட்டம், மயிலம், திண்டிவனம் சுற்றுவட்டாரத்திலிருந்து போய் வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் குடியேறி, வருடக்கணக்காகியும் ஓட்டை மட்டும் ஊரிலேயே வைத்திருக்கும் உங்களுக்கும், ஊரிலும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் நடுவில் நிற்கும் உங்களுக்கும் இந்தக் கடிதம்.

உங்களிடம் ஒன்றைக் கேட்கத்தான் எழுதுகிறேன். கேட்கப்போவது பலருக்குப் பிடிக்காது. அதனால் காரணங்களை முதலில் சொல்லிவிடுகிறேன், கோபப்படுவதாக இருந்தால் கடைசியில் படுங்கள்.

தேர்தல் நாளில் நீங்கள் வந்து இறங்குவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். முந்தின இரவு கிளாம்பாக்கத்தில் பஸ்ஸுக்கு முண்டியடித்து, பாதி வழி நின்றுகொண்டே வந்து, விடியும் முன் திண்டிவனத்தில் இறங்குகிறீர்கள். குளித்த கையோடு பள்ளிக்கூடத்து வரிசை. மை வைத்த விரலோடு அம்மா கையால் ஒரு வேளை சாப்பாடு. சாயங்காலமே திரும்பிப் போகிறீர்கள். 2024 ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமையாக அமைந்ததால் இரண்டு நாள் கூடத் தங்கினீர்கள். அந்தத் தேர்தலில் விழுப்புரம் மக்களவைத் தொகுதியில் 76 சதவீதத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. உங்கள் வேளச்சேரி அடங்கிய தென்சென்னையில் விழுந்தது 54 சதவீதம்.

இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து, சென்னைக்காரர்களுக்குப் பொறுப்பில்லை என்று நீங்களே பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சில் நீங்கள் உங்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. உங்கள் பெயர் ஊர்ப் பட்டியலில் மட்டும் இருந்தால் அந்த 54-க்குள்ளும் நீங்கள் இல்லை, மீதி 46-க்குள்ளும் இல்லை. அந்தத் தெருவில் தண்ணீர் பிடிக்கிறீர்கள், குப்பை கொட்டுகிறீர்கள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறீர்கள், ஆனால் ஓட்டுக் கணக்கில் அங்கே நீங்கள் குடியிருக்கவே இல்லை. ஆக, நூற்றுக்கு ஐம்பத்துநாலு என்பதே கூடுதலாகக் காட்டும் எண். குடியிருப்பவர்களை எல்லாம் சேர்த்து எண்ணினால் இன்னும் குறையும். இரண்டு இடத்திலும் பெயர் வைத்துக்கொண்டு ஊரில் வந்து போட்டவர்களோ, அங்கே வராதவர்கள் பட்டியலில் விழுந்து அந்தத் தெருவின் பெயரையும் கெடுத்தார்கள்.

நம்மூரில் யார் எந்தப் பக்கம் என்பது ஒளிவு மறைவில்லாத சங்கதி. எந்த வீடு உதயசூரியன், எந்த வீடு இரட்டை இலை, எந்தத் தெருவில் மாம்பழம், எங்கே பானை என்று டீக்கடையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம். தெருவைப் பார்த்தும் சாதியைப் பார்த்தும் கட்சி தீர்மானமாகும் வழக்கம் இன்னும் போகவில்லை. அது எனக்குப் பெருமையில்லை. ஆனாலும் அந்தப் பற்றின் பலத்தில்தான் ஜனங்கள் பூத்துக்கு வருகிறார்கள். 2024 ஜூலை 10-ல் விக்கிரவாண்டி இடைத்தேர்தல் நடந்தபோது அ.தி.மு.க. களத்திலேயே இல்லை, புறக்கணித்துவிட்டது. ஆளுங்கட்சி ஜெயிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அப்படியிருந்தும் 82 சதவீதத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. முடிவு தெரிந்த தேர்தலுக்கே வரிசையில் நிற்கும் ஜனங்களின் பிள்ளைகள் நீங்கள்.

இப்போது வேளச்சேரியைப் பாருங்கள். தொகுதி மறுவரையறைக்குப் பிறகு அங்கே 2011-ல் அ.தி.மு.க. ஜெயித்தது. 2016-ல் தி.மு.க., 2021-ல் காங்கிரஸ். 2021 வரை மூன்று தேர்தல், மூன்று கட்சி. எந்தக் கட்சியும் இது என் கோட்டை என்று மார்தட்ட முடியாத தொகுதி. குடியிருப்பவர்களின் மனம் உண்மையிலேயே நிர்ணயிக்கக்கூடிய இடம். 2021-ல் அங்கே வித்தியாசம் 4,352 ஓட்டு. பட்டியலில் இருந்தவர்கள் மூன்று லட்சத்துக்கு மேல், வாக்குப்பதிவு 56 சதவீதத்தைத் தொடவில்லை. வராமல் இருந்தவர்கள் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல். அதே தேர்தலில் தியாகராய நகரில் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் நடுவில் இருந்தது 137 ஓட்டு. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றாகக் கிளம்பிப் போயிருந்தால் அங்கே சட்டமன்ற உறுப்பினர் மாறியிருப்பார். யார் வந்திருக்க வேண்டும் என்பது என் பேச்சில்லை. தென்சென்னை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தொலைக்காட்சியில் அலசுகிறார்களே, பாதிப் பேர் வாயே திறக்காத ஊரின் சாய்வை எதை வைத்துச் சொல்வது?

வேளச்சேரியில் 2021-ல் இன்னொன்றும் நடந்தது. தேர்தல் முடிந்த அன்று சாயங்காலம் வாக்குப்பதிவு இயந்திரங்களை ஸ்கூட்டரில் எடுத்துக்கொண்டு போனவர்களை ஜனங்கள் மடக்கினார்கள். ஊரே கொந்தளித்தது. ஏப்ரல் 17-ஆம் தேதி 92-ஆம் எண் வாக்குச்சாவடியில் மறுவாக்குப்பதிவு வைத்தார்கள். அந்தச் சாவடியில் இருந்தது 548 ஆண் வாக்காளர்கள். தமிழ்நாடே அந்த ஒரு சாவடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாதிப் பேர்கூட வரவில்லை. ஓட்டைத் திருடிவிட்டார்களோ என்று அத்தனை கோபப்பட்ட பேட்டையில், அதே ஓட்டைத் திரும்பப் போட ஒருநாள் கொடுத்தபோது நடந்தது இது. இதைப் பற்றி நீங்கள் உங்கள் குடியிருப்போர் சங்கத்தில் எப்போதாவது பேசியதுண்டா?

பூத்துக்குள் ஏஜெண்டாக உட்கார்ந்தவன் என்கிற முறையில் ஒன்று சொல்கிறேன். நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பது ரகசியம். உங்கள் தெரு போட்டதா இல்லையா என்பது ரகசியமே இல்லை. ஓட்டு எண்ணி முடித்ததும் படிவம் 20 என்று ஒன்று வெளியாகும். ஒவ்வொரு சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை விழுந்தது என்று அதில் இருக்கும். எல்லாக் கட்சியும் அதை எடுத்துவைத்துக்கொண்டுதான் அடுத்த தேர்தலுக்கு வேலை பார்க்கிறது. எந்தத் தெருவுக்கு முதலில் போவது, எந்தத் தெருவுக்குப் போகாவிட்டாலும் பாதகமில்லை என்று தீர்மானிப்பது அந்தத் தாளை வைத்துத்தான். வேட்பாளர் எங்கள் அபார்ட்மெண்ட் பக்கமே வரவில்லை என்று குறைப்படுகிறீர்கள். ஆயிரம் பெயரில் நானூறு பேர் வரும் சாவடிக்கு அவர் ஏன் வர வேண்டும்? எண்ணூறு பேர் வரும் சாவடியில் அந்த ஒரு மணி நேரத்தைச் செலவழித்தால் அவருக்கு லாபம். நம்மூரில் தெருக்குழாய் ரெண்டு நாள் வராவிட்டால் தலைவரை வீட்டு வாசலிலேயே மடக்க முடிகிறதென்றால், அவருக்கு நம் ஓட்டு எண்ணிக்கை தெரியும் என்பதுதான் காரணம்.

சட்டமன்றத்தையும் பாராளுமன்றத்தையும் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அதற்குக் கீழே இருக்கும் தேர்தலைப் பற்றி.

சென்னை மாநகராட்சியின் பழைய மன்றத்துக்கு 2016 அக்டோபரில் காலம் முடிந்தது. நடக்கவிருந்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குப் பிறகு 2022 மார்ச் வரைக்கும் ஐந்து வருடத்துக்கு மேல் 200 வார்டுக்கும் ஒரு கவுன்சிலர்கூட இல்லை, அதிகாரிகள்தான் நடத்தினார்கள். 2019-ல் ஏரிகள் வற்றி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த கோடையில் உங்கள் தெருவுக்காக ரிப்பன் மாளிகையில் பேச ஆள் இல்லை. 2020-ல் கொரோனா வந்து வீட்டுக்கு வீடு தகரம் அடித்தபோதும் இல்லை. ஒருவழியாக 2022 பிப்ரவரி 19-ல் தேர்தல் வைத்தார்கள். சனிக்கிழமை, பலருக்கு விடுமுறை நாள். மாநிலம் முழுக்க நகர்ப்புறத்தில் 60 சதவீதம் ஓட்டு விழுந்தது. சென்னையில் விழுந்தது 43.59. அத்தனை வருடம் காத்திருந்து கிடைத்த வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க நூற்றில் ஐம்பத்தாறு பேர் போகவில்லை.

நீங்கள் எங்கே இருந்தீர்கள்? உங்கள் பெயர் வானூர்த் தொகுதிப் பட்டியலில் இருந்தது. மாநகராட்சித் தேர்தலுக்கும் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலிலிருந்துதான் பெயர் எடுக்கிறார்கள். அதனால் அன்று உங்களுக்கு ஓட்டே இல்லை. மன்றம் பதவியேற்ற ஒரு மாதத்தில் சொத்து வரி உயர்வு வந்தது. வாடகையிலோ வரி ரசீதிலோ அதை நீங்களும் கட்டினீர்கள். பணம் கட்டுவதில் நீங்கள் சென்னைக்காரர், அதைப் பற்றிக் கேட்கும் உரிமையில் மட்டும் திருவக்கரைக்காரர் என்றால், அந்த ஏற்பாட்டில் லாபம் யாருக்கு?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்த இரண்டு நாளும் எங்களுக்குத் தூக்கம் இல்லை. போன் எடுக்கவில்லை, கரண்ட் இல்லை, சார்ஜ் தீர்ந்துபோயிருக்கும் என்று சொல்லிச் சொல்லி உங்கள் அம்மாக்களைத் தேற்றினோம். உங்கள் வேளச்சேரியின் ஐந்து பர்லாங் சாலையில் கட்டடத்துக்குத் தோண்டிய பள்ளத்தில் மண் சரிந்து இரண்டு உயிர் போனதை டிவியில் பார்த்தோம், உடல்களை வெளியே எடுக்கவே நாள்கணக்கில் ஆயிற்று. இவ்வளவு ஆழத்துக்குத் தோண்ட யார் அனுமதி கொடுத்தார்கள், யார் மேற்பார்வை பார்த்தார்கள், மழைநீர் வடிகால் எங்கே போய்ச் சேருகிறது என்பதெல்லாம் வார்டில் கேட்க வேண்டிய கேள்விகள். கோட்டையில் இருந்தும் டெல்லியில் இருந்தும் அதற்குப் பதில் வராது. வெள்ளம் வடிந்த பிறகு நீங்கள் கவுன்சிலர் எங்கே, எம்.எல்.ஏ. எங்கே என்று வீடியோ போட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் தேர்தலில் வாங்கிய ஓட்டில் உங்களுடையது ஒன்றும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

இனி எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்கிறேன். இது சொல்லக் கஷ்டமான இடம்.

எங்கள் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்தது. பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் ஐம்பது ஓட்டு, நூறு ஓட்டு என்பது பெரிய கணக்கு. அது வேட்பாளர்களுக்கும் தெரியும். அதனால் வெளியூரில் இருக்கும் ஓட்டுகளைப் பட்டியல் போட்டு, ஆளனுப்பி, வண்டி வைத்து, வரும்போது செலவுக்கும் கொடுத்து அழைத்து வருகிறார்கள். எல்லாரும் வாங்குகிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. பாசத்துக்காக, பங்காளிக்காக, சொந்தச் செலவில் வருபவர்களும் உண்டு. ஆனால் பாசத்தில் போட்டாலும் பணத்தில் போட்டாலும் விளைவு ஒன்றுதான். நீங்கள் அன்றிரவே வேளச்சேரிக்குத் திரும்பிவிடுகிறீர்கள். நீங்கள் ஜெயிக்கவைத்தவரோடு ஐந்து வருடம் இருப்பது நாங்கள்.

இந்தப் பக்கம் குவாரியும் கிரஷரும் எப்படிப் பெருகியிருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். ஜல்லி ஏற்றிய டிப்பர்கள் பள்ளிக்கூட நேரத்திலும் ஓடுகின்றன, சாலை ஒரு மழைக்குத் தாங்குவதில்லை, வீட்டுக்குள் காயப்போட்ட துணியிலும் தூசி. 2 கோடி ஆண்டுக்கு முந்தைய கல்மரங்கள் கிடக்கிற ஊர் என்று புவியியல் துறை 1940-லேயே ஒதுக்கிக் காத்த பூமி இது. குவாரி வெடிச்சத்தத்தைப் பற்றி, நிலத்தடி நீரைப் பற்றி, லாரி நேரத்தைப் பற்றித் தலைவர் என்ன நிலை எடுப்பார் என்பதுதான் இங்கே குடியிருப்பவர்களுக்கு முதல் கேள்வி. உங்களுக்கு அது எட்டாவது கேள்வியாகக்கூட இருக்காது, இருக்கவும் முடியாது. நீங்கள் அந்தத் தூசியை மூச்சில் இழுப்பவர்கள் அல்ல. எந்தக் கொடி, எந்தப் பங்காளி என்பதுதான் உங்களுக்கு மிச்சம். இங்கே இருக்கும் நாங்கள் சாலைக்காகவும் தண்ணீருக்காகவும் கொடி மாறிப் போடத் தயாராகும் தேர்தலிலும், விட்டுப்போன நாளில் ஊர் எப்படி இருந்ததோ அந்த நினைப்பிலேயே வந்து போட்டுவிட்டுப் போகிறீர்கள்.

ஊரில் வீடு இருக்கிறது, நிலம் இருக்கிறது, உரிமை போய்விடாதா என்று பயப்படுகிறீர்கள். பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் வாரிசு உரிமைக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் சம்பந்தம் கிடையாது. 1950-ஆம் வருடத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் பெயர் சேர்க்கச் சொல்கிறது. ஓரிடத்தில் வீடு சொந்தமாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அங்கே குடியிருப்பதாகக் கொள்ள முடியாது என்று அதன் 20-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. இரண்டு தொகுதியில் பெயர் வைத்திருப்பதற்கும் அந்தச் சட்டத்தில் இடமில்லை.

2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் இந்தக் கேள்வி எல்லார் வீட்டு வாசலுக்கும் வந்தது. டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கு மேல் பெயர்கள் இல்லை. சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கு மேல். இறந்தவர், இரட்டைப் பதிவு, இடம் மாறியவர், கதவைத் தட்டியபோது இல்லாதவர் என்று பல காரணம். அதில் நியாயமாகப் போனது எத்தனை, அநியாயமாகப் போனது எத்தனை என்பது தனி வழக்கு. ஆனால் எந்த ஊர்ப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நேரத்தில் உங்களில் பலர் ஊரைத்தான் தேர்ந்தெடுத்தீர்கள். அலுவலர் மூன்று தடவை வந்து பூட்டிய கதவைப் பார்த்துப்போன வீடுகளும் உங்கள் அடுக்குமாடியில் இருந்திருக்கும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களின் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. பதினோரு மாத ஒப்பந்தம் போட்டுக் காலி செய்யச் சொல்வார்கள். சில வீட்டுக்காரர்கள் வாக்காளர் அட்டையில் தங்கள் முகவரி வந்தால் வீடே போய்விடும் என்று பயந்து தடுக்கிறார்கள். ஓட்டுரிமையால் வீட்டின் மேல் எந்த உரிமையும் வந்துவிடாது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் ஒத்துழைக்காவிட்டாலும் ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், கேஸ் ரசீது போன்றவற்றில் அந்த முகவரி இருந்தால் போதும். வேளச்சேரிக்குள்ளேயே தெரு மாறினாலும் படிவம் 8 கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். சிரமம்தான். கேஸ் இணைப்பை மாற்றவும் பிள்ளையின் பள்ளியை மாற்றவும் இதைவிடச் சிரமப்படுகிறீர்கள்.

யார் வந்தாலும் ஒன்றுதான் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பரந்தூர் விமான நிலையம் வேண்டாம் என்று போராடும் ஏகனாபுரம் மக்கள் 2024 தேர்தலைப் புறக்கணித்தார்கள். முன்கூட்டியே அறிவித்து, ஊரே சேர்ந்து, காரணம் சொல்லிச் செய்தார்கள். அது அரசியல். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டில் இருந்தால் சோம்பலா கோபமா என்று யாருக்கும் தெரியாது. யாரும் பிடிக்கவில்லை என்றால் 2013 முதல் இயந்திரத்திலேயே நோட்டா இருக்கிறது, அதையாவது போய் அழுத்துங்கள். படிவம் 20-ல் அதற்கும் ஒரு கட்டம் உண்டு.

உங்கள் பிள்ளைகளையும் நினைத்துப் பாருங்கள். அங்கேயே பிறந்து அங்கேயே வளர்ந்த பெண்ணுக்குப் பதினெட்டு முடிகிறது. அப்பா பெயர் வானூரில், அவள் தெரு மடிப்பாக்கத்தில். எங்கே சேர்ப்பது என்று முடிவெடுக்காமலே மூன்று தேர்தல் போய்விடுகிறது. 2011 வரை மடிப்பாக்கமே ஒரு பஞ்சாயத்துதான். அதை மாநகராக்கியது உங்களைப் போல வந்து குடியேறியவர்கள். அந்த வார்டில் அவளுக்கு முதல் ஓட்டு இருக்க வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இது. ஓட்டை ஊரிலிருந்து எடுத்துக்கொண்டு போங்கள். படிவம் 8-ஐ இணையத்திலோ வாக்குச்சாவடி அலுவலரிடமோ கொடுத்து, குடியிருக்கும் தெருவுக்குப் பெயரை மாற்றுங்கள். எங்கும் பெயர் இல்லாதவர்கள் படிவம் 6 கொடுங்கள். சந்தேகம் என்றால் 1950-க்குப் போன் செய்யுங்கள். 2022 மார்ச்சில் பதவியேற்ற மாநகராட்சி மன்றத்துக்கு 2027 தொடக்கத்தில் ஐந்து வருடம் முடிகிறது. அதற்கடுத்த தேர்தலுக்குப் பட்டியல் தயாராவதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும், அறிவிப்பு வந்த பிறகு அல்ல. எந்தக் கட்சிக்குப் போட வேண்டும் என்று கேட்க மாட்டேன். அப்பாவின் சின்னத்துக்கே அங்கேயும் போட்டாலும் எனக்குச் சம்மதம்.

எங்கள் பஞ்சாயத்துத் தேர்தலுக்கு வண்டி அனுப்பினால் ஏறாதீர்கள். ஊர் உங்களுடையதுதான். பௌர்ணமிக்கு வாருங்கள், வக்கிரகாளியம்மன் ஜோதி பார்க்க நட்புகளையும் கூட்டி வாருங்கள், குவாரி விவகாரத்தில் மனு எழுதவும் பத்திரிகையில் பேசவும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்கவும் துணை நில்லுங்கள். படித்த உங்கள் கை எங்களுக்கு அதில் நிறைய வேண்டும். ஓட்டு மட்டும் நாங்களே போட்டுக்கொள்கிறோம்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஆதார் அட்டையும் வாக்காளர் அட்டையும் எடுத்து வாருங்கள். பெரியவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தாலோ, படிவத்தில் எந்தக் கட்டத்தை நிரப்புவது என்று தெரியாமல் நின்றாலோ, கோயில் தெருவில் யாரிடம் கேட்டாலும் என் வீட்டைக் காட்டுவார்கள். உட்கார்ந்து சேர்ந்தே நிரப்பிவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரன்,
திருவக்கரை